ஓரவஞ்சனை

தோர்ஷவ்ன் துறைமுகத்தைப் பார்த்தபடி
இரண்டாம் மாடியில் எங்கள் ஆய்வுக்கூடம்.
ஒற்றைக்கால் மிதிக்கும் சைக்கிள் ஒன்று அங்கே உண்டு,
எந்த ஊருக்கும் போகாதது.

திங்கள், புதன், வெள்ளி ரன்வா வருவாள்.
அவளுக்கு வயது ஐம்பத்தொன்பது,
அவள் சர்க்கரைக்குப் பதினொன்று.
இடக்கால் மிதிக்க வேண்டும்.
வலக்கால் பக்கத்து முக்காலியில்
தலையணை மேல் சும்மா கிடக்க வேண்டும்.
அது சும்மா கிடக்கிறதா என்று பார்ப்பது
என் உத்தியோகம்.

பத்து வாரம் இப்படி.
ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு.
"எனக்கு இரட்டைப் பிள்ளைகள்," என்றாள் முதல் நாள்.
"இந்தப் பாவத்தை அவர்களுக்குக்கூடச் செய்ததில்லை."

இதயம் ஒன்றுதான்.
அளவில் கொஞ்சம் கூடக்குறைய
இரண்டு தொடைக்கும் அதே ரத்தத்தை அனுப்பியது:
அதே இன்சுலின்,
காலையில் தின்ற அதே கறுப்பு ரொட்டி.

ஒருநாள் சுவரில் இருந்த படத்தைக் காட்டி விளக்கினேன்.
தசையின் உள்ளறையில் சுமைக்காரர்கள் படுத்திருக்கிறார்கள்.
இன்சுலின் சங்கு ஊதினால் எழுந்து
வாசலுக்கு வந்து சர்க்கரையை உள்ளே இறக்குவார்கள்.
உங்கள் தசைக்குச் சங்கு சரியாகக் கேட்பதில்லை.

மிதிப்பதை நிறுத்தாமல்
தன் வலது காதைத் தொட்டாள்.
"மீன் ஆலையில் இருபத்தாறு வருடம்.
துண்டு போடும் இயந்திரம் இந்தக் காதைத் தின்றது,
அடுத்த காதில் பாதியையும்.
படகு வந்தால் ஊதும் சங்கு எனக்குக் கேட்காது.
ஒருநாளும் பிந்திப் போனதில்லை."

எப்படி?

"பட்டை ஓடத் தொடங்கினால் தரை நடுங்கும்.
கால் சொல்லும்."

அதன் பிறகு அந்தப் படத்தை
பழையபடி யாருக்கும் நான் விளக்கியதில்லை.
தசை சுருங்கி விரியும்போது
ஊதாத சங்குக்கும் எழுந்து வருகிறார்கள் சுமைக்காரர்கள்,
தரை நடுங்குவதால்.
எங்கள் கட்டுரைகளில் இதற்குப் பெயர்
ஒன்றரை வரி.

ஏழாம் வாரம் காற்று. படகு ஓடவில்லை.
தொலைபேசியில் கேட்டாள்,
சமையலறை நாற்காலியில் இடக்காலால் மட்டும்
ஏறி இறங்கட்டுமா என்று.
வேண்டாம் என்றேன்.
செய்திருக்கிறாள் என்று தெரியும்.
அதையும் குறித்துவைத்தேன்.

கடைசி நாள் தொடை இரண்டும் மரத்துப்போக மருந்து.
பிறகு தடித்த ஊசி.
இங்கிருந்து ஒன்று, அங்கிருந்து ஒன்று,
அரிசி நொய் அளவு சதை.
திரவ நைட்ரஜனில் விழுந்ததும் சீறின,
எண்ணெய்க்குப் பதில் குளிரில் தாளித்த கடுகுபோல.

இடத்தொடை வாங்கிய சர்க்கரை வலத்தொடையைவிட அதிகம்.
சங்கின் ஓசையும் இப்போது அதற்குக்
கொஞ்சம் எட்டத் தொடங்கியிருந்தது.
வலத்தொடை பத்து வாரம் முன்பு இருந்த இடத்திலேயே.
அதே தாய், அதே பால்.

ஒன்றை மறைக்க முடியாது.
மிதிப்பதை விட்டால் இந்தக் கால் மறந்துவிடும்.
"எத்தனை மாதத்தில்?"
மாதமில்லை. நாலைந்து நாள்.
அவள் சிரித்தாள்.
"பனிக்கட்டியில் வைத்த காட் மீன்
இதைவிட நாள் தாங்கும்."

கட்டுப் போட்ட தொடைகளோடு படிக்கட்டுக்கு வந்தாள்.
லிஃப்ட் நாலு அடி தள்ளி.
கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள்,
எந்தக் கால் முதலில் என்று
யாரோ சொல்லக் காத்திருப்பவள்போல.
ஆய்வு முடிந்தது, ரன்வா, என்றேன்.

கீழே போக வேண்டியவள் மேலே பார்த்தாள்.
மேலே ஒன்றும் இல்லை,
உடைந்த நாற்காலிகளும் தண்ணீர்த் தொட்டியும்தான்.

வலக்காலை எடுத்துவைத்து ஏறினாள்.

இன்றைக்கு வேண்டாம், ரத்தம் கசியும் என்று
கத்தினேன்.
திரும்பாமல் எனக்குக் காட்டினாள்
அந்தக் கேட்காத காதை.