காரணம்: 3

வியாழன் இரவு எட்டு நாற்பத்தொன்றுக்கு
மறுபடியும் போனது.
திரையின் மூலையில் அந்தச் சின்ன விசிறி
சாம்பல் நிறமாகி
மடங்கிக்கொண்டது.

முதலில் காற்றைத்தான் சந்தேகித்தேன்.
லியெபாயாவில் எது கெட்டாலும் காற்றின் தலையில் போடுவோம்,
கூரைத் தகடு, மூட்டு வலி, பக்கத்து வீட்டுக் கல்யாணம்.
பிறகு டிராமை.
முப்பத்திரண்டு வருஷம் அதன் மின்சாரத்தைப் பழுதுபார்த்தவன்;
மேல்கம்பியில் பொறி பறந்தால் என் பல்லில் தெரியும்.
நோட்டின் இடப்பக்கம் இணைப்பு அறுந்த நேரம்,
வலப்பக்கம் டிராம் கடந்த நேரம்.
நான்கு வாரம் எழுதினேன்.
இரண்டும் ஒருமுறைகூட
ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை.

கீழ்வீட்டு ஜெல்மாவின் ரவுட்டரும் என்னுடையதும்
ஆறாம் சேனலில் முட்டிக்கொண்டிருந்தன.
புகையூட்டிய மீன் இரண்டு கொடுத்து
அவளைப் பதினொன்றுக்குக் குடிபெயர்த்தேன்.
மீன் தீர்ந்தது.
"ஓயார்ஸ், மகளுக்கு ஒரு கடிதம் எழுதித் தொலையேன்"
என்றாள், முள்ளைத் துப்பிக்கொண்டே.

இந்த லேப்டாப்பில் லினக்ஸைப் போட்டது வெல்காதான்,
அயர்லாந்தின் காளான் பண்ணைக்குக் கிளம்பிய வாரம்.
ஒரு தாளில் ஆறு கட்டளைகள் எழுதி
மூடியின் உட்புறம் ஒட்டிவிட்டுப் போனாள்.
ஐந்தைத் தட்டிப் பார்த்தேன்.
பூட்டு எதுவும் விழவில்லை என்றது ஒன்று.
டிரைவரைக் கழற்றி மாட்டியது இன்னொன்று.
டிப்போவில் எல்லோரும் முதலில் செய்வது அதுதான்:
ஏன் என்று தெரியாமலே வண்டி ஓடும்,
அடுத்த வளைவு வரை.

ஆறாவது, கர்னலின் நாட்குறிப்பைத் திறப்பது.
நடந்ததை நொடியோடு எழுதிவைக்கிற ரகம்,
என்னைப்போல.
எட்டு நாற்பத்தொன்று, பன்னிரண்டாம் நொடி.
விலகல்: இவ்விடத்து விருப்பப்படி.
காரணம்: 3. கிளம்புகிறது.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன்.
இவ்விடத்து விருப்பப்படி.
காற்றில்லை, டிராமில்லை, ஜெல்மா பாவம்.
கையை விட்டது
என் பக்கம்.

அந்த இரவே நோட்டில் மூன்றாவது கோடு கிழித்தேன்:
அறுந்தபோது என்ன பேசிக்கொண்டிருந்தோம்?
மார்ச் ஏழு: வீட்டை விற்றால் என்ன என்று அவள் கேட்ட பின்.
பதினான்கு: அவளுடைய அம்மாவின் கோட்டை
யாரிடமோ கொடுத்துவிட்டேன் என்று நான் சொன்ன பின்.
இருபத்தொன்று: கோடைக்கு வருவாயா, அதற்குப் பின்.
இருபத்தெட்டும் ஏதோ ஒன்றின் பின்தான்.
பேச்சின் நடுவே
ஒருமுறைகூட இல்லை.

நாங்கள் கேமரா போடுவதில்லை, குரல் மட்டும்.
யாரும் பேசாவிட்டால் அனுப்ப ஒன்றுமில்லை.
அனுப்ப ஒன்றுமில்லையென்றால் இந்த வைஃபை அட்டை
மின்சாரம் மிச்சம்பிடிக்கக் கண்ணயரும்;
அயர்ந்தது எழத் தெரியாமல்
வாசலைத் தாண்டிப் போய்விடும்.
சும்மா இருந்ததை முடிந்தது என்று எடுத்துக்கொண்டிருக்கிறது
இத்தனை வாரமும்.
அவள் வைத்துவிட்டாள் என்று நானும்.
அங்கே அவள் என்ன நினைத்திருப்பாள்?
அந்தக் கட்டம் நோட்டில் காலி.

சூடோ, கடவுச்சொல்
(அவள் வைத்தது, நான் மாற்றவில்லை),
பவர் சேவ் ஆஃப்.
ஒரே வரி.
பேட்டரி சீக்கிரம் தீரும் என்று எச்சரித்தார்கள்.
தீரட்டும்.

அடுத்த வியாழன்
கோடையைப் பற்றி மறுபடி கேட்டேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
நான் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஜன்னலுக்கு வெளியே டிராம் போய்,
திரும்பியும் வந்தது.

"அப்பா, லைன்ல இருக்கியா?"
"இருக்கேன்."
"கட் ஆகலையே."
"இல்ல."

அதன் பிறகும் இருவரும் பேசவில்லை.
பேட்டரி பதினெட்டு.
சார்ஜர் சமையலறையில்.
பதினேழு.