தட்டில் எண்ணெய் தடவுவது எதனால்?

படிவத்தில் முப்பத்தெட்டுக் கேள்விகள்.
அரிசி எங்கே அரைபடுகிறது,
அதே மெஷினில் வேறென்ன அரைபடும்,
ஏலக்காய் காயா, எஸன்ஸா,
தேங்காய்க்கு ரசீது உண்டா.
கீழக்கரையில் எட்டு வருஷமாய்த்
தொதல் கிண்டி விற்கிறேன்.
ஹலாலா என்று ஒருவரும் கேட்டதில்லை.
எண்ணெய் பிரிஞ்சு வந்துச்சா என்றுதான் கேட்பார்கள்.

கேட்டது நத்தர்ஷா,
பனைக்குளத்துக்காரர், துபாயில் கடை.
"மாசம் இருநூறு கிலோ எடுக்குறேன் ராத்தா,
டப்பாவில அந்த வட்ட முத்திரை இருக்கணும்.
நம்மூரானுக்கு நீங்க மர்ளியாங்குறதே போதும்.
மத்தவனுக்கு உங்களைத் தெரியாதே."

கட்டணம் இருபத்திரண்டாயிரம், வரி தனி.
சீட்டைத் தள்ளி எடுத்துக் கட்டினேன்.

என் பயமெல்லாம் கருப்பட்டி மேல்.
பதினேழாம் கேள்வி:
மூலப்பொருள் எந்தக் கட்டத்திலாவது புளித்ததா?
பதநீருக்கும் கள்ளுக்கும் இடையே
ஒரு விரல் சுண்ணாம்புதானே இருக்கிறது.

சாயல்குடி பஸ் பிடித்து நரிப்பையூர் போனேன்.
முனியக்கனி கொப்பரை முன்னால் நின்றாள்,
முகமெல்லாம் புகை, கையில் துடுப்பு.
உறுதிமொழித் தாளை வாசித்துக் காட்டினேன்.
சிரித்தாள். கோபமும் இருந்தது அதில்.
"புளிச்சதக் காய்ச்சினா உறையுமா பிள்ள?
பாகு இழுவும், அச்சுல நிக்காது.
கட்டியா நிக்குதில்ல, அதைவிடவா தாளு?"
பிறகு அதே தாளில்
மு. முனியக்கனி என்று
எழுத்துக்கு எழுத்து இடம்விட்டு எழுதினாள்.
பெருவிரல் கருப்பட்டி ஓரத்தில் அப்பிக்கொண்டது.

சென்னையிலிருந்து வந்த பையன்
செருப்புக்கு மேல் நீல உறை மாட்டிக்கொண்டு
சலாம் சொல்லி உள்ளே வந்தான்.
மாவு சரி. தேங்காய் சரி.
கருப்பட்டித் தாளை மோந்துபார்த்தான், அதுவும் சரி.
போகிற வாசலில் திரும்பி,
"தட்டுல எண்ணெய் எதால தடவுறீங்க?"

காக்கா கொழும்பிலிருந்து கொண்டுவந்த பிரஷ்.
வெள்ளை மயிர், மரப்பிடி,
ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.
ஒரு மயிரைப் பிடுங்கி
அடுப்பில் நீட்டினான்.
உருகவில்லை. சுருண்டு கருகியது.
பிள்ளைக்கு முடி இறக்கும் நாளில்
தலைமுடி தீயில் விழுந்த வாடை.

"ஆடோ, குதிரையோ, மற்றதோ.
தெரியல. தெரியாததை வச்சிக்க வேணாம்."
மற்றது என்று சொல்லும்போது
குரலை இறக்கிக்கொண்டான்,
நான் கூச்சப்படாமலிருக்க.

முனியக்கனி வீட்டில் தேடிப் போன சந்தேகம்
என் சுவரில் மூன்று வருஷம் தொங்கியிருக்கிறது.
மூன்று நோன்புப் பெருநாள்.
பள்ளிவாசலுக்குப் போன தட்டு,
மௌத்து வீட்டுக்குப் போன தட்டு,
கடனாய் வாங்கிச் சாப்பிட்ட பக்கத்து வீட்டுப் பரீதா.
யாரிடம் போய் என்ன சொல்வது?
அறியாமல் நடந்ததற்குக் குற்றமில்லை என்கிறார் ஹஜ்ரத்.
அறிந்த பிறகு அந்த இரவு
தட்டுகளை ஏழு முறை கழுவினேன்.
ஏழு யாரும் சொன்ன கணக்கில்லை.

சனிக்கிழமை கருப்பட்டிக் கொட்டானோடு
முனியக்கனியே வந்தாள், போனில் கேட்டுவிட்டு.
மடியிலிருந்து எடுத்தாள்:
மட்டை அடியைத் தட்டிச் சீவிய தும்பு,
நாரால் இறுக்கிக் கட்டிய ஒரு கத்தை.
"இதுக்கும் எழுதித் தரணுமா?"
கேலியாகத்தான் கேட்டாள்.
ஆமாம் என்றேன்.
நாட்காட்டித் தாளைக் கிழித்து
பின்பக்கம் எழுதினாள்:
இது பனை.

முத்திரை இன்னும் வரவில்லை.
தும்பு உதிர்கிறது.
தட்டுக்கு இரண்டு மூன்று இழை
தொதலில் ஒட்டிக்கொள்கிறது.
விளக்கைக் கிட்ட இழுத்து
ஒவ்வொன்றாய்ப் பொறுக்குகிறேன்.