பாஸ் மார்க்

விடிகாலை மூன்றே முக்கால்.
மூலக்கொத்தளத்தில் வால்வுக் குழிமேல் குனிந்து
பதினோரு சுற்று சுற்றியிருந்தேன்.
இருபத்திரண்டு சுற்றினால்தான் முழுசாய்த் திறக்கும்.
பன்னிரண்டாவதில்
யாரோ குழியின் இரும்பு மூடியைத் தூக்கி
என் நெஞ்சின்மேல் வைத்தார்கள்.

வாயு என்றேன்.
சோடா வாங்கக் கிளம்பிய கஜபதி
திரும்பி என் சட்டையைப் பார்த்தான்.
மழையில்லாத இரவில் நனைந்திருந்தது.
"வாயு தாடைக்கு ஏறாதுண்ணா" என்று
காசிமேட்டுக்குப் போன மீன் ஆட்டோவை மறித்தான்.
ஸ்டான்லி வாசல்வரை
பழைய ஐஸ்தண்ணீர் என் செருப்பில் ஒழுகியது.

காகிதம் நீளமாய் வெளியே வந்தது.
அதைப் படித்த டாக்டரம்மா அர்ஷியா
மாத்திரையைக் கடித்து மெல்லச் சொல்லிவிட்டு
கேட்டுக்கொண்டே போனார்.
பக்கவாதம் வந்ததுண்டா?
தலையில் அடி? வயிற்றில் புண்?
மலம் கறுத்துப் போனதா?
சமீபத்தில் ஆபரேஷன் ஏதாவது?
இல்லை. இல்லை. இல்லை.
இத்தனை இல்லைகள் என்னிடம் இருப்பது
அன்றுதான் தெரிந்தது.

"ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கு. கரைக்கணும்.
நூத்துல ஒருத்தருக்கு மூளையில கசியலாம்.
கையெழுத்துப் போடுங்க, சீக்கிரம்."
ஜெயசுதா இன்னும் வந்து சேரவில்லை.
நானே போட்டேன்.

ஒரு மணி நேரம் இறங்க வேண்டுமாம் அந்த மருந்து.
இருபத்து மூன்று வருஷமாய் அடைப்பெடுப்பவன் நான்.
வேர் அடைக்கும், சேலை அடைக்கும்,
ஒருமுறை முழுசாய் ஒரு தலையணை.
இப்படிச் சொட்டுச் சொட்டாய் விட்டு
எந்த அடைப்பையும் எடுத்ததில்லை.

நாற்பதாவது நிமிஷம்
திரையில் கோடு தறிகெட்டு ஓடியது.
சரி, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.
சிஸ்டர் பவுலின் என் மணிக்கட்டைப் பிடித்தபடி
"திறந்துக்கிச்சு போல" என்றார்,
அடுப்பில் பால் பொங்குவதைப் பார்க்கிற முகத்தோடு.
ஈறில் ரத்தம் உப்புக் கரித்தது.
மூடியை யாரும் எடுக்கவில்லை.
நகர்த்தினார்கள்,
ஒரு விரல் நுழையும் அளவு.
பிறகு ஒரு கை.

மூன்றாம் நாள் எக்கோ.
பம்பிங் முப்பத்தைந்து.
எங்கள் வீட்டுக்குத் தெரிந்த எண்தான்.
மகன் கணக்கில் அதை வாங்கியபோது
தெருவுக்கே சாக்லேட் கொடுத்தோம்.
சொன்னேன். ஜெயசுதா சிரிக்கவில்லை.
"அடைப்புதான் போயிடுச்சே, அப்புறம் ஏன்?"

அதையேதான் நானும் கேட்க இருந்தேன்.
குழாய் என்றால் எடுத்த நொடியே
சேறும் காற்றுமாய்ச் சீறி வரும்.
இது சதை என்றார் டாக்டரம்மா.
மிரண்டுபோய் நிற்கிறது.
ரத்தம் திரும்ப வந்துவிட்டதென்று
அதற்குப் புரியவே வாரக்கணக்காகும்.
சில இடத்துக்குப் புரியாமலே போகும்.

நடுவில் மணிக்கட்டு வழியே ஸ்டென்ட் வைத்தார்கள்.
உப்பில்லாத கீரை. காலையில் ஐந்து மாத்திரை.
நடை முதலில் கக்கூஸ் வரை,
அப்புறம் தெருமுனை சின்டெக்ஸ் வரை,
அப்புறம் பேசின் பாலத்து ஏற்றத்தில் பாதி.
அங்கே நின்று
கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணுகிறவன்போல
மூச்சு வாங்குவேன்.
ராத்திரி ஜெயசுதாவின் கை
தூக்கத்தில் விழுவதுபோல என் மார்பில் விழும்.
தூங்குகிறவள் கை
இவ்வளவு லேசாக இருக்காது.

ஆறு வாரம் கழித்து இன்றைக்கு
மறுபடி இருட்டறை, குளிர்ந்த பசை.
நிறைமதி என்று பேட்ஜ் குத்திய பெண்
"நாற்பத்தெட்டு" என்றாள்.
"மீதி ஐம்பத்திரண்டு?" என்றாள் ஜெயசுதா.
"நூறு யாருக்கும் கிடையாதும்மா.
எனக்கே அறுபத்திரண்டுதான்."
திரையை எங்கள் பக்கம் திருப்பினாள்.
சாம்பல் நிறத்தில் ஏதோ சுருங்கி விரிந்தது.
நுனியில் ஒரு ஓரம் மட்டும் கூட வரவில்லை.
எல்லோரும் கைதட்டும்போது
வேறு யோசனையில் நிற்கும் ஒருவனைப்போல.

வெளியே வந்து கஜபதிக்குப் போன் போட்டேன்.
"அன்னிக்கு மீதிப் பதினொரு சுத்து?"

"உன்ன விட்டுட்டு வந்து நான்தான் சுத்துனேன்.
ஒரு மணி நேரம் லேட்டு.
தெருவுல இருந்த அத்தனை குடமும் என்னைத் திட்டிச்சு."