ஒற்றைச் செருப்பின் தொலைவு

சாந்தியாகோவில் யாருக்கும் விழிப்புத் தட்டவில்லை.
முள்ளுக்கு மட்டும் தட்டியது.
புகையேற்றிய தாளில் அதுவரை கோடு இழுத்துக்கொண்டிருந்தது
இரவு இரண்டு பதினேழுக்குக்
கிறுக்கத் தொடங்கிற்று.

ஒதிலியா தேநீர்க் கோப்பையை
வரைபடத்தின் மேலிருந்து எடுத்தாள்.

கடலடித் தட்டு ஒன்று
கண்டத்தின் தட்டுக்கு அடியில் நுழைகிறது,
வருஷத்துக்கு ஒரு விரல் நீளம்,
தட்டிக் கேட்க ஆளில்லாமல்.
நூறு வருஷம் சிக்கி நிற்கும்
பல்லைக் கடித்துக்கொண்டு.
பிறகு அரை நிமிஷத்தில்
பாக்கி முழுவதையும் தீர்க்கும்.
இன்றைக்குத் தீர்த்தது சில்லறை.

மூன்று ஊர்களுக்கு ஃபோன் போட்டாள். ஒரே கேள்வி:
முதல் அலைக்கும் இரண்டாம் அலைக்கும் நடுவே
எத்தனை வினாடி?
மின்னலைப் பார்த்துவிட்டு இடிக்காக எண்ணுவோமே,
கிட்டத்தட்ட அந்தக் கணக்கு.
சேர்ந்து கிளம்பியவைதான் இரண்டும்.
ஒன்று முட்டித் தள்ளிக்கொண்டு ஓடிவரும்,
மற்றது உடம்பை நெளித்துப் பின்னால் வரும்.
தூரம் கூடக்கூடப் பிரிவும் கூடும்.
வினாடிக்கு எட்டு கிலோமீட்டர்.

கோபியாப்போ, பதினான்கு.
அந்தோஃபகாஸ்தா, நாற்பது.
லா செரேனாவின் இரவுக் காவலர் தூக்கக் கலக்கத்தில்
ஐம்பத்தொன்பது என்றார்,
தாளை விளக்கருகில் பிடித்து
நாற்பத்தொன்பது என்றார்.

பதினோரு வருஷமாகக் குத்திக் குத்திக்
கோபியாப்போ இப்போது ஊராக இல்லை,
ஓட்டையாக இருக்கிறது.
காம்பஸ் முனை அதற்குள் ஆடுகிறது.
அந்த ஆட்டமே மூன்று கிலோமீட்டர்.

வட்டங்கள்
பாடப்புத்தகத்தில் ஒரு புள்ளியில் சந்திக்கும்.
இங்கே நடுவில் ஒரு முக்கோணத்தை விட்டுவிட்டு
ஒதுங்கிக்கொண்டன.
அதற்குள் ஊர் இல்லை, சாலை இல்லை,
அச்சகத்தின் மஞ்சள் நிறம் மட்டும்.

வானொலிக்காரருக்கு ஆறு மணிச் செய்திக்குப் பெயர் வேண்டும்.
முக்கோணத்துக்குப் பெயர் இல்லை என்றாள்.
ஆளில்லாத இடம் என்று வாசித்தார் அவர்.

ஆறு பத்துக்கு மணி அடித்தது.
சுரங்க அலுவலகத்து ஃபோனில் எலியோதோரோ பாஸ்டென்,
ஊர் போசோ அமார்கோ.
"ஆளில்லாத இடம் என்று சொல்லிக்கொடுத்தது நீயா?
என் கட்டிலுக்கு நேர் கீழேதான் வந்தது.
சுவர் இருந்த பக்கம் விடிவது தெரிகிறது.
நான் ஆளில்லையா?"

அவள் மன்னிப்புக் கேட்டிருக்கலாம்.
தொழில் புத்தி,
"உங்களிடம் நாய் இருக்கிறதா?" என்று கேட்டாள்.

இருந்தது. புல்கா.
குலுங்குவதற்கு முன்பே குரைத்தது.
(முதல் அலை நமக்குப் பல நேரம் உறைப்பதில்லை.)
"எவ்வளவு முன்பு?"
"அதைத் திட்டிக்கொண்டே செருப்பைத் தேடினேன்.
ஒன்று கிடைத்தது.
அடுத்ததைத் துழாவும்போது சுவர்."
"அந்தச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு
மறுபடி தேடுங்கள்."
"என்ன?"
"இப்போதே. திட்டுவதையும் சேர்த்து."

ஃபோனை மேசையில் வைக்கும் சத்தம்.
பிறகு தூரத்தில் வசவு,
நாயை, நாயின் தாயை,
வார்த்தை தீர்ந்துபோய் நிலத்தை.
அவள் கட்டைவிரல் கடிகாரப் பொத்தான்மேல்.
"இதோ, சுவர்!"

ஐந்து வினாடி.
ஐயெட்டு நாற்பது.

போசோ அமார்கோவில் இதுவரை ஓட்டை விழுந்ததில்லை.
முனை ஆடாமல் நின்றது.
சின்ன வட்டம் மெல்லப் போய்
முக்கோணத்தின் ஒரு மூலையை உரசிக்கொண்டு கடந்தது.

"உங்கள் கட்டிலுக்குக் கீழே இல்லை," என்றாள்,
"ஆனால் நீங்கள் சொன்னது சரியாக இருக்கிறது."

கம்பியில் கொஞ்சம் இரைச்சல்.

"நல்லது," என்றார்,
"இன்னொரு செருப்பு சுவருக்கு அடியில் கிடக்கிறது.
அதற்கும் ஒரு வட்டம் போடு."