இடது பாதம்

குத்தாயிசி நகர அருங்காட்சியகம், மூன்றாவது கூடம்.
வடக்குச் சுவரில் ஒரு நீள்சதுரம் மட்டும்
வெளிறிக் கிடக்கிறது.
எழுபது வருடம் அங்கே தொங்கியவள்,
'குடத்துடன் பெண்',
செப்பனிட திபிலீசி போயிருக்கிறாள்.

அந்த வெளிறலுக்கு முன்னால்
பிப்ரவரியில், வெறுங்காலோடு,
மாக்வாலா நிற்கிறாள்.
தோளில் குடம். குடத்தில் தண்ணீர்.
காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை.
பேச மாட்டாள்.

நான் பதிவாளர்.
கட்டங்களை நிரப்பச் சம்பளம் வாங்குபவன்.
பொருள்:
'கான்வாஸில் எண்ணெய் வண்ணம்' என்று
கை தானாக எழுதிவிட்டது. அடித்தேன்.
உயரம்:
காலையில் நூற்று அறுபத்து நான்கு,
மாலையில் ஒரு சென்டிமீட்டர் குறைவு.
காப்பீட்டு மதிப்பு:
தொலைபேசியில் இருந்தவர் சிரித்தார். பிறகு சிரிக்காமல்
"சேதமென்றால் எது? தும்மினாலா?" என்றார்.
வைப்பிடம்:
ஆறு மணிக்கு மேல்
நான்காம் எண் மினிபஸ், பின் இருக்கை.

கூடத்தின் காவல் லாமாரா.
இருபத்தாறு வருடமாக
'தொடாதீர்கள்' என்ற ஒரு சொல்லில் குடும்பம் நடத்துபவள்.
இரண்டாம் நாள் மதியம் பார்த்தேன்,
தன் காலடி ஹீட்டரை
ஷூ நுனியால்
அங்குலம் அங்குலமாக வடக்கே தள்ளிக்கொண்டிருந்தாள்.
"மூன்று மீட்டருக்குள் வெப்பம் கூடாது,
ஓவியத்துக்கு ஆகாது."
"எந்த ஓவியத்துக்கு?"
என்னிடம் பதில் இல்லை.

ஓவியர் சங்கத்திலிருந்து வாஜா வந்தார்.
"நிற்பதுதான் கலையென்றால்
பஸ் ஸ்டாப்பெல்லாம் காட்சிக்கூடம்.
நாற்பது வருடம் கை நடுங்காமல் கோடிழுத்தவன் சொல்கிறேன்."
சொன்னவர் போகவில்லை.
ஐம்பது நிமிடம்.
எந்தப் படத்தின் முன்னும் அவர்
அவ்வளவு நேரம் நின்று நான் கண்டதில்லை.
கிளம்பும்போது
முட்டியைப் பிடித்துக்கொண்டார்.

படங்களிடம் யாரும் விடைபெறுவதில்லை.
இவளிடம்
'போய் வருகிறேன்' என்கிறார்கள்.
சிலர் வரவும் செய்கிறார்கள்,
ஒருத்தி கம்பளிக் காலுறையோடு.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

நான்காம் நாள் குடம் நடுங்கியது.
மரத்தரையில் தண்ணீர்.
துடைப்பதா, பாதுகாப்பதா என்று கேட்டு
இயக்குநருக்குக் குறிப்பு அனுப்பினேன்.
குறிப்பு திரும்புவதற்குள்
தண்ணீர் காய்ந்துவிட்டது.

அன்றைய தபாலில்தான்
திபிலீசியிலிருந்து எக்ஸ்ரே வந்தது.
ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன்.
வண்ணத்துக்கு அடியில்
அவளுக்கு மூன்று இடது பாதங்கள்.
ஒன்று முன்னால், ஒன்று சற்றே திரும்பி,
ஒன்று குதிகால் தூக்கி.
ஓரத்தில் நிபுணரின் பென்சில்:
'ஓவியரின் மனமாற்றம்.'

படலத்துக்கு அப்பால், கூடத்தில்,
மாக்வாலா அப்போதுதான்
எடையை இடதிலிருந்து வலதுக்கு மாற்றினாள்.

மனமாவது, மாற்றமாவது.
கால் வலித்திருக்கிறது அவளுக்கு.

பழைய பதிவேட்டைப் புரட்டினேன்.
ஓவியர் பெயர், பிறந்த ஊர், பெற்ற பதக்கம்.
சட்டகம் வாதுமை மரம்.
குடம்கூட
எந்த ஊர் மண் என்று இருக்கிறது.
நின்றவள் பெயருக்குக்
கட்டமே போடவில்லை.

ஆறு மணிக்கு
எக்ஸ்ரேயை மாக்வாலாவிடம் காட்டினேன்.
செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவள்
வெகுநேரம் பார்த்தாள்.
"மூன்றாவது பாதம் மத்தியானத்துக்கு மேல்," என்றாள்,
"மூன்றரை மணி இருக்கும்.
எனக்கும் அப்போதுதான்."

மார்ச்சில் படம் திரும்பிவந்தது.
வெளிறல் மறைந்துவிட்டது.
குடத்துப் பெண்
ஒரே பாதத்தோடு, வலியில்லாத முகத்தோடு நிற்கிறாள்.
மாக்வாலாவின் படிவம் என் மேசையில்,
பொருள் என்ற இடத்தில்
அடித்த எழுத்து மட்டும்.

லாமாரா இன்னமும்
மூன்று மணி தாண்டினால்
ஹீட்டரை வடக்கே தள்ளுகிறாள்.
மூன்று மீட்டர் என்று
நான் சொல்வதில்லை.