பதினான்காம் டாங்க் இருந்த இடம்

"இதில் பதினான்காம் டாங்க் எங்கே?" என்றாள் ஹெஸ்ஸா.
வானத்திலிருந்து எடுத்த படம்.
எனக்கு மேலிருந்து பார்த்துப் பழக்கமில்லை.
கேட்டில் நுழைந்து, கார்டு குத்தி,
பைப் ரேக்கின் நிழலிலேயே நடந்தால்
நிழல் தீர்கிற இடம், அவ்வளவுதான் தெரியும்.
ரேக்கைப் பிரித்து எடைக்குப் போட்டாயிற்று.
நிழலும் அதோடு போனது.

ஷுஐபாவில் என்ன இருந்தது என்று எழுத
அவளுக்குக் கொடுத்தது ஒரு கன்டெய்னர் அறை,
நடுங்கும் ஏசி, ஆறு மாதம்.
மேசையில் ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தன
ரிப்பன் வெட்டிய கத்தரிக்கோல்,
யாரோ ஒரு பெரிய என்ஜினியரின் புகைக்குழாய்,
முதல் கப்பல் எண்ணெய் ஏற்றிய நாளின் பேனா.
நான் கொண்டுபோனது பிஸ்கட் டின்.

திறந்து கொட்டினேன்.
பித்தளை வில்லைகள், பதினொன்று.
கருகியவை நான்கு.

டாங்குக்குள் சுத்தம் செய்ய இறங்குகிறவன்
தன் எண் வில்லையை வெளியே ஆணியில் மாட்டுவான்.
ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வான்.
ஆணியில் வில்லை தொங்கினால் ஆள் உள்ளே.
மூடியைத் தொடக் கூடாது.
ஆயிரம் சட்டம் போட்டிருந்தார்கள் அங்கே,
நாங்கள் மீறாதது இது ஒன்றைத்தான்.

அந்த ஆகஸ்டில்
வில்லையை எடுக்க யாருக்கும் நேரமில்லை.
பாஸ்ரா, பாக்தாத், அம்மான் என்று
லாரியில் நின்றுகொண்டே போனோம்.
தொண்ணூற்றிரண்டில் திரும்பி வந்து பார்க்கிறேன்,
பலகை பாதி எரிந்து
அதே ஆணிகளில் அதே எண்கள்.

1163, மணப்பாட்டு மச்சாது.
திரும்பவில்லை. தூத்துக்குடியில் ஐஸ் கம்பெனி.
0918, ஹத்ரமி சாலிம். குளிரிலும் செருப்பில்லாமல் நடப்பான்.
1340 யாரென்று மறந்துவிட்டது.
எவ்வளவு யோசித்தும், குரல்கூட வரவில்லை.
0402, ஃபோர்மன் அபூ ராமி.
அவரைத் திரும்ப வர விடவில்லை.

அவள் எழுதிக்கொண்டே வந்தாள்.
0402 வந்ததும்தான்
முப்பது வருஷம் வாயில் வைத்திருந்ததைச் சொன்னேன்.

எண்பத்துநான்கில்
பதினான்காம் டாங்குக்குக் கேபிள் பள்ளம் வெட்டினோம்.
இடுப்பளவு ஆழத்தில் கடப்பாரை ணங்கென்றது.
கடல்கல் படி ஒன்று.
நடுவில் குழிந்து தேய்ந்திருந்தது,
எத்தனை பேர் மிதித்ததோ.
பக்கத்தில் பேரீச்சையின் அடிக்கட்டை, கரிபோல.
அபூ ராமி பள்ளத்தில் இறங்கி
அந்தப் படியில் உட்கார்ந்தார்.
தேநீர் ஆறிப்போகும் நேரம்
சும்மா உட்கார்ந்திருந்தார்.
அவர் ஊரை நாங்கள் கேட்டதில்லை,
அவரும் சொன்னதில்லை.
எழுந்து, கால்சட்டையைத் தட்டிக்கொண்டு,
"மூடு" என்றார்.
மூடினோம்.
மண்வெட்டியில் ஒன்று என்னுடையது.

ஹெஸ்ஸா பேனாவை மூடி வைத்தாள்.
தொழிற்சாலைக்காக ஊரைக் கிளப்பியபோது
அவள் அப்பாவுக்கு ஏழு வயதாம்.
வாசலில் ஒரு மரம் என்பாராம்,
அதற்குமேல் பேச மாட்டாராம்.

வெளியே போனோம்.
அங்கே ஒன்றுமில்லை என்றால் நம்புவீர்களா?
இத்தனை இரும்பு நின்ற இடத்தில்
புல்டோசர் சீவிய வெறும் மணல்,
எண்ணெய் குடித்த திட்டுகள்,
அப்பால் கடல், தன் பாட்டுக்கு.
கேட் இருந்த இடம் இதுதான் என்று
காலடி எண்ணி நடந்தேன்.
முதல் தடவை கடலுக்கே போய்விட்டேன்.
இரண்டாம் தடவை அவள் சிரித்தாள், நானும்.
மூன்றாம் தடவை நின்ற இடத்தில்
இதுதான் என்று சத்தியம் செய்ய முடியாது.
அப்போது என் கால் நீளம் வேறு,
இருபத்துநாலு வயசு.

"தோராயமாக" என்று அவள் எழுதினாள்.

அறைக்குத் திரும்பியதும் படிவத்தை நீட்டினாள்.
பொருள்: வில்லை. உலோகம்: பித்தளை.
எண்ணிக்கை பதினொன்றைப் பன்னிரண்டாகத் திருத்தச் சொல்லி
சட்டைப்பையில் இருந்த 2207ஐயும் வைத்தேன்.
கடைசிக் கட்டம், தற்போதைய நிலை.
நல்லது, சேதம், காணவில்லை,
எதில் டிக் போட என்று கேட்டாள்.

மூன்றையும் அடித்துவிட்டு
"ஆள் உள்ளே" என்று எழுதச் சொன்னேன்.
அரபியில் அதை எப்படிச் சொல்வதென்று
கொஞ்ச நேரம் இருவரும் தேடினோம்.