குதிரைக்குக் கால் வலிக்காத நாடுகள்

நாற்பத்தெட்டுப் பக்கமாக ஓடுகிறது அந்தக் குதிரை.
தண்ணீர் இல்லை, புல் இல்லை,
சாணிகூடப் போடவில்லை.
மேலே வெள்ளிக் கண்களோடு ஓர் இளவரசி,
வயது பதினேழு.
பின்னால் அவளை அணைத்தபடி நிழல்நாட்டு அரசன்,
வயது முந்நூறு.
முந்நூறு வருஷம் வாழ்ந்தவனுக்கு
மனம்விட்டுப் பேசக் கிடைத்தது
பள்ளிக்கூடத்துப் பிள்ளைதானா?

நான் லாடம் அடிப்பவள்.
ஸ்விஃப்ட் கரன்ட்டிலிருந்து தெற்கே எல்லைவரை
பண்ணை பண்ணையாகப் போகும் என் டிரக்.
குதிரைகள் நேரத்துக்கு வந்துவிடும்,
சொந்தக்காரர்கள்தான் வரமாட்டார்கள்.
அந்த நேரத்தில் படிப்பேன்,
ஸ்டியரிங்மேல் புத்தகத்தைச் சாய்த்து.
நூலகத்தில் கார்த் ஓலினிக்
அட்டையை முகர்ந்தே சொல்லிவிடுவார்:
"கருகிய குளம்பு வாசம்.
நெல்டா வீப் எடுத்தது."

இந்தக் குளிர்காலத்தில் பதினொன்று முடித்தேன்.
ஆறில் தீர்க்கதரிசனம்.
எதிர்காலம் ஏன் எப்போதும்
எதுகை மோனையோடு வருகிறதோ!
ஒன்றின் வரைபடத்தில் நதி
கடலில் பிறந்து மலைக்கு ஏறியது.
சரி, மந்திரம் என்று விட்டுவிட்டேன்.
சத்திரம் தவறாமல் சூடான குழம்பு,
வெங்காயம் நட்டவரை மட்டும் யாரும் பார்த்ததில்லை.
கொடுங்கோலன் செத்த மறுநாள்
பாலத்துக்குச் சுங்கம் யார் வாங்குவார்?
அந்த அத்தியாயத்தை எழுத
இன்னும் ஒருவரும் பிறக்கவில்லை.
மூன்று பாகத்தில் முடியும் என்றார்கள்,
நான்காவது அச்சில் இருக்கிறதாம்.

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும்.
இந்தப் பெண்கள் கோபப்படுகிறார்கள்.
எனக்குப் பதினாறு வயதில் கிடைத்தவற்றில்
அவர்கள் சன்னலோரம் உட்கார்ந்து
கடிதத்துக்குக் காத்திருந்தார்கள்.
நானும் கொஞ்ச நாள் காத்திருந்தேன்,
என்ன கடிதம் என்று தெரியாமலே.

டெர்க்சன் பண்ணையில் கீராவுக்கு வயது பதினாறு.
நான் குனிந்திருக்க,
பெட்டைக் குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:
"உங்களுக்குப் புரியவே இல்லை.
குதிரையைப் பற்றின கதை இல்லை அது.
அவள் போகிறாள்.
யாரிடமும் கேட்காமல் போகிறாள்.
அவ்வளவுதான்."
என் வாயில் ஆறு ஆணிகள் இருந்தன.
இல்லாவிட்டாலும்
பதில் இருந்திருக்குமா, தெரியாது.

பிறகு 'மூன்று நாள் பாலம்' கிடைத்தது.
அட்டையில் கத்தியில்லை, பூவில்லை,
எடுப்பார் இல்லை என்று கார்த் கழிக்கவிருந்த பிரதி.
அறுபதாம் பக்கத்தில் குதிரை நொண்டுகிறது.
நாயகி இறங்குகிறாள்.
காலை மடித்துத் தன் மடியில் வைத்து
குளம்படியின் மெத்தென்ற முக்கோணத்தை
கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறாள்.
சூடு.
அப்புறம் மூன்று நாள் பாலத்தடியில்,
ஓடைத்தண்ணீரில் அந்தக் காலை நிறுத்திக்கொண்டு,
போர் அவளில்லாமலே நடக்கிறது.
போய்ச் சேரும்போது கோட்டை விழுந்திருக்கிறது.
யாரும் அவளை மன்னிக்கவில்லை,
ஆசிரியர் உள்பட.

இதை எழுதியவர் ஒருமுறையாவது
அந்தக் கனத்தை முழங்கால்களுக்கிடையே தாங்கியவர்.
எட்டு வாரம் கழித்து வரவேண்டிய வீட்டுக்கு
எட்டு நாளில் போய்
கீராவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

திருப்பித் தந்தபோது
அறுபத்துநான்காம் பக்கம் மடிந்திருந்தது.
"தூக்கம் வந்துவிட்டது" என்றாள்.
டிரக் கதவைச் சாத்தப் போனேன்,
"சூடு இருந்தால் எவ்வளவு நேரம்
தண்ணீரில் நிறுத்தணும்?" என்றாள்,
என்னைப் பார்க்காமல்.

வெள்ளிக் கண்காரியின் இரண்டாம் பாகத்துக்கு
நூலகத்தில் பெயர் கொடுத்திருக்கிறேன்.
வரிசையில் எனக்கு முன்னால் பத்தொன்பது பேர்.
கார்த் புருவத்தை உயர்த்தினார்.
அந்தக் குதிரை உயிரோடிருக்கிறதா என்று
தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான் என்றேன்.
அவளும் எங்கே போனாள் என்று,
கொஞ்சம்.